மரையுள்ள ரீட் காந்த உணரி

மரையுள்ள ரீட் காந்த உணரி என்பது, ஒரு காந்தம் அருகில் வந்துள்ளதா இல்லையா என்பதைக் கண்டறிந்து மின்சுற்றை மூடும் அல்லது திறக்கும் உணரி ஆகும். இதன் உள்ளே கண்ணாடிக் குழலில் அடைக்கப்பட்ட ரீட் சுவிட்ச் உள்ளது. வெளியே போல்ட்டைப் போல மரை வெட்டப்பட்ட உருளை வடிவ உறை உள்ளது. இயந்திரக் கதவுகள், தண்டவாளத்தில் நகரும் மேசைகள், மின்தூக்கிகள் போன்றவற்றில் ஒரு பாகம் உரிய இடத்துக்கு வந்துவிட்டதா என்பதை அறிய இது பயன்படுகிறது.

வரலாறு

ரீட் சுவிட்ச் 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவரால் உருவாக்கப்பட்டது. இதற்கான காப்புரிமை 1941-இல் வழங்கப்பட்டது. தொலைபேசி இணைப்பகங்களில் திறந்த வெளியில் இருந்த தொடுமுனைகளில் தூசியும் துருவும் படிந்து இணைப்புகள் கெட்டன. தொடுமுனைகளைக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டதால் இச்சிக்கல் பெருமளவு தீர்ந்தது. பின்னர் தொழிற்சாலைகளிலும் இது பரவியதற்கு இதே பண்பு முக்கியக் காரணமாகும்.

அமைப்பு

ரீட் சுவிட்சில் நிக்கல்-இரும்புக் கலவையால் ஆன இரண்டு மெல்லிய தகடுகள் உள்ளன. நாணல் போல வளையக்கூடியவை என்பதால் இவை ரீட் எனப்படுகின்றன. இவற்றின் முனைகள் சிறு இடைவெளியுடன் ஒன்றன்மேல் ஒன்று அமைந்திருக்கும். தொடும் இடத்தில் ரோடியம், ருத்தேனியம் போன்ற கடினமான உலோகங்களின் பூச்சு இருக்கும். குழலுக்குள் நைட்ரஜன் போன்ற மந்த வாயு நிரப்பப்படும் அல்லது வெற்றிடம் ஏற்படுத்தப்படும்.

இக்குழல் மரையுள்ள உறைக்குள் வைக்கப்பட்டு, பிசின் ஊற்றி நிலைநிறுத்தப்படுகிறது. உறை பித்தளை, அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் போன்ற காந்தத்தால் ஈர்க்கப்படாத பொருளால் ஆனது. சாதாரண இரும்பாக இருந்தால் காந்தப்புலம் உறை வழியாகவே திரும்பிச் சென்றுவிடும். தகடுகளைப் போதிய அளவு எட்டாது.

செயல்படும் முறை

காந்தம் அருகில் வரும்போது இரு தகடுகளும் காந்தமாகின்றன. எதிரெதிரே உள்ள முனைகளில் ஒன்று வடதுருவமாகவும் மற்றொன்று தென்துருவமாகவும் மாறுவதால் அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஈர்ப்பு, தகட்டின் வில்விசையை விஞ்சியதும் முனைகள் ஒட்டிக்கொண்டு சுற்று மூடுகிறது. காந்தம் விலகியதும் தகடுகள் வளைவு நீங்கிப் பிரிகின்றன. சிறிய ரீட் சுவிட்ச் மூடுவதற்கு ஏறத்தாழ 1 மில்லிநொடியே போதும்.

மூடும் தொலைவும் திறக்கும் தொலைவும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, காந்தம் 10 மி.மீ. தொலைவுக்கு வரும்போது மூடும் ஓர் உணரி, காந்தம் 13 மி.மீ. தள்ளிப் போன பிறகே திறக்கலாம். தகடுகள் ஒட்டிய பின் இடைவெளி இல்லாததால், அவற்றைப் பிடித்து வைக்கக் குறைந்த காந்தப்புலமே போதுமானது. இந்த வேறுபாடு தயக்கம் எனப்படும். இயந்திர அதிர்வால் உணரி மாறி மாறி மூடித் திறப்பதை இது தடுக்கிறது.

மரையின் பயன்

இவ்வகை உணரிகள் பெரும்பாலும் எம்8, எம்10, எம்12 போன்ற அளவுகளில் கிடைக்கின்றன. பொருத்தும் தகட்டில் துளையிட்டு, இருபுறமும் ஒவ்வொரு நட்டை வைத்து இறுக்குவது வழக்கம். எம்12×1 என்பதில் மரைப்புரி இடைவெளி 1 மி.மீ. ஆகும். எனவே நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உணரி 1 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. நகரும். அளவுகோல் இல்லாமலேயே இடைவெளியை நுணுக்கமாகச் சரிசெய்ய இது உதவுகிறது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் உறை நெளிந்து உள்ளிருக்கும் கண்ணாடி விரிசல் விடலாம்.

பொருத்தும் தகடு இரும்பாக இருந்தால் உணரும் தொலைவு குறையும். காந்தம் நகரும் திசையும் முக்கியமானது. ரீட்டுக்கு இணையாக வைக்கப்பட்ட காந்தம் அதன் நீளவாக்கில் கடந்து சென்றால், நடுவில் ஒரு முறையும் இரு ஓரங்களில் ஒவ்வொரு முறையும் உணரி மூடக்கூடும். ஒரு பொருள் கடந்ததை மூன்றாக எண்ணும் பிழை இதனால் ஏற்படலாம்.

பிற உணரிகளுடன் ஒப்பீடு

தூண்டல் வகை அண்மை உணரி உலோகத்தை நேரடியாக உணரும், காந்தம் தேவையில்லை. ஆனால் அது இயங்க மின்சாரம் வேண்டும். ஹால் உணரிக்கும் மின்சாரம் வேண்டும். அதில் அசையும் பாகம் இல்லாததால் தேய்மானம் இல்லை. ரீட் உணரிக்குத் தனி மின்சாரம் தேவையில்லை. இரண்டு கம்பிகளே போதும். எண்ணெய், தூசி, ஈரம் உள்ள இடங்களிலும் இது செயல்படும். ஆனால் கடும் அதிர்ச்சியைத் தாங்காது.

பழுதுக்கான காரணங்கள்

சிறிய ரீட் சுவிட்சுகள் பல 10 வாட் அளவுக்கே தரப்படுத்தப்பட்டவை. மின்னோட்டம், மின்னழுத்தம், வாட் ஆகிய மூன்று வரம்புகளில் எதையும் மீறக்கூடாது. ரிலேச் சுருளை இதனுடன் நேரடியாக இணைத்தால், சுற்று திறக்கும் கணத்தில் உயர் மின்னழுத்தம் எழுந்து தொடுமுனையில் பொறி பறக்கும். நேர்மின்னோட்டச் சுற்றில் சுருளுக்கு இணையாக ஒரு டையோடு பொருத்தினால் இதைத் தவிர்க்கலாம். இழை விளக்குகள் எரியத் தொடங்கும்போதும், நீண்ட கேபிளில் தேங்கிய மின்னூட்டம் பாயும்போதும் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். தட்டினால் மட்டுமே திறக்கும் உணரியின் தொடுமுனைகள் ஒட்டத் தொடங்கிவிட்டன என்று கொண்டு அதை மாற்றிவிட வேண்டும்.

பாதுகாப்பு

இயந்திரக் காப்புக் கதவில் சாதாரண ரீட் உணரியை மட்டும் நம்புவது ஆபத்தானது. கதவு மூடியிருக்கும்போது சுற்று மூடும்படி அமைத்தால், கம்பி அறுந்தால் இயந்திரம் நின்றுவிடும், அது நல்லதே. ஆனால் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், கதவு திறந்திருந்தும் மூடியிருப்பதாகவே கட்டுப்பாட்டுக்குத் தெரியும். இயந்திரம் ஓடும், உள்ளே ஒருவரின் கை இருக்கலாம். வேலை விரைவாக நடக்க வேண்டும் என்பதற்காக உணரியின் அருகில் ஒரு காந்தத்தை ஒட்டி வைத்தாலும் இதே நிலை ஏற்படும்.

எனவே இத்தகைய இடங்களுக்குக் குறியீட்டுக் காந்த உணரிகள் தயாரிக்கப்படுகின்றன. இவற்றில் பல ரீட் சுவிட்சுகள் இருக்கும். அவற்றுக்கெனக் குறிப்பிட்ட துருவ வரிசையில் அமைந்த காந்தத் தொகுதிக்கே அவை சரியாக இயங்கும். பாதுகாப்பு ரிலே அவற்றின் நிலைகளை ஒப்பிட்டு, முரண்பாடு இருந்தால் இயந்திரத்தை இயங்கவிடாது. ஐ.எஸ்.ஓ. 14119 தரநிலை, தொடாமல் இயங்கும் பூட்டிணைப்புச் சாதனங்களில் குறியீடு இல்லாதவற்றை 3-ஆம் வகை எனவும், குறியீடு உள்ளவற்றை 4-ஆம் வகை எனவும் பிரிக்கிறது.