வெயிலைச் சேர்த்து வைத்தால்?

சென்னையிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்து உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். கோடை வெயிலில் விளைந்ததை மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறார்கள். வெயிலையே சேர்த்து வைத்தால்?

சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவாகச் சேமிக்கலாம். எரித்தால் கரிப்புகை கிடையாது. ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர் தண்ணீரும், 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். திரும்ப மின்சாரமாக்கினால் 20 யூனிட் தேறுவதே அதிகம்!

வீட்டுக் கணக்கு எழுதும் சகோதரிகளுக்குப் பகீரென்கிறதா? டாக்டர் பட்டத்துக்கு ஆராய்கிறவர்கள் இந்த வரவு செலவைத்தான் மணிவாரியாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறார்கள். சமையலறைக்கு மின்சார அடுப்பே சிக்கனம். ஹைட்ரஜன் உரத்துக்கும் எஃகுக்கும் போகட்டும் என்கிறது கணக்கு. 2023-ல் வந்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டமோ 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கேட்கிறது.

உப்பங்கரையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்கிறீர்களா? கடல்நீரை நன்னீராக்கும் செலவு இந்தக் கணக்கில் உப்புக்கல் அளவுதான்.