கொடைக்கானல் பங்களாக்களுக்கு யார் காவல்?

வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறைக்கு ஏறும் பாதை நெடுகக் காபியும் மிளகும் மலை வாழையும்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு தாண்டி ஊத்து பக்கம் அது கொடைக்கானல் ரோட்டில் சேர்கிறது. அப்புறம் ஏழு ரோடு சந்திப்பு. சாக்லேட் கடைகளுக்கும் லாட்ஜ் போர்டுகளுக்கும் நடுவே கருங்கல் சுவரும் புகைபோக்கியுமாக ஒரு பழைய வீடு எட்டிப்பார்த்தால், அதிர்ஷ்டம்தான்.

கொடைக்கானலின் முதல் இரண்டு பங்களாக்கள் சன்னிசைடு, ஷெல்டன். மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் சொந்தங்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷன் பாதிரியார்கள் 1845-ல் கட்டியவை. அன்று வண்டிப்பாதை ஏது? பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான மலைப்பாதைதான். துரைமார் குதிரையிலோ டோலியிலோ வந்தார்கள். ஜன்னல் கண்ணாடி, இரும்புச் சாமான், சமையல் பாத்திரம் எல்லாம் கூலியாட்களின் தலையில் வந்தன. மோட்டார் ஓடும் ரோடு வந்ததே முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதற்கு முந்தைய பங்களாக்களைப் பற்றி எழுதுபவர்கள் கட்டிய துரையின் பெயரைத் தேடுகிறார்கள். சுமந்தவர் பெயரை எங்கே தேடுவது?

1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். 1872-ல் கோக்கர்ஸ் வாக் நடைபாதை. பிறகு ஊர் வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

எல்லாமே துரைமார் கதையும் இல்லை. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்துவான லீலாவதி அம்மையார் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-ஐச் சேர்ந்தது. அறுபதுகளில் காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா காவலில் வைக்கப்பட்டிருந்தது இங்குள்ள கோஹினூர் பங்களாவில்.

இந்தப் பழைய கட்டடங்களை இன்று காப்பது யார்? லா சலேத் மாதா கோயிலுக்குத் திருச்சபை பொறுப்பு, சூரிய ஆய்வகத்துக்கு மத்திய அரசு பொறுப்பு. தனியார் பங்களாவுக்கு? வாரிசுகள் பெருகி, சென்ட் விலையும் ஏறிவிட்டால், ஓட்டுக்கூரை இருந்த இடத்தில் நாலு மாடி லாட்ஜ் எழும்புகிறது. வாரிசை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மழையும் பனியும் தின்னும் மரச்சட்டங்களை வருஷா வருஷம் மாற்ற யார் காசு தருகிறார்கள்?

வேறு ஊர்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் விகான் நகரில், கல் தளத்தின்மேல் மரமாடி வைத்த மூதாதையர் வீடுகள் பல இன்று விடுதிகளாகவும் அருங்காட்சியகங்களாகவும் இயங்குகின்றன. 1999-ல் அந்த ஊர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டிலும் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள் எத்தனையோ மலை பங்களாக்களின் தேக்குக் கதவுகள் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன.