பாட்டிக்கு மீசை வந்தது ஏன்?

எங்கள் பாட்டிக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. அதில் பாட்டிக்கு மீசை இருந்தது!

சிரிக்காதீர்கள். ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் எடுத்த படம் அது. காவிரித் தாய்க்குப் படைத்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையையும் தயிர்ச் சாதத்தையும் தின்றுவிட்டு, எல்லோரும் படித்துறையில் வரிசையாக நின்றோம். மணி பன்னிரண்டரை. தலைக்கு நேர் மேலே சூரியன். சித்தப்பா காமிராவைத் தூக்கினார்.

"அம்மா, கண்ணை நல்லாத் திற!"

"வெயில் கூசுதுடா!"

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கம்மா!"

'கிளிக்!'

படம் கழுவி வந்தது. பாட்டியின் நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். மூக்கின் நிழல் மேல் உதட்டில் விழுந்து, அசல் மீசை!

எல்லோரும் சிரித்தோம். பாட்டியும் சிரித்தாள். வேறு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். எடுக்கவில்லை.

பாட்டி போன பிறகு, மாலை போட ஒரு படம் வேண்டும் என்று பெட்டி பெட்டியாகத் தேடினோம். அதுதான் கிடைத்தது. பெரிதாக்கக் கொடுத்தோம். மீசையை அழித்து, குழிகளில் தூரிகையால் கண் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல அழகான கண்கள். ஆனால், பாட்டியின் கண்கள் அல்ல! வீட்டில் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கண்கள்தான் பாட்டி.

வெயில் நல்லதா, கெட்டதா?

வெயில் நிறைய இருந்தால் படம் நன்றாக விழும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அது உண்மைதான்.

1839-ம் ஆண்டில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் என்பவர் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார். வெளிச்சத்துக்காகக் கடைக்கு வெளியே காமிராவை வைத்து, அதன் முன்னால் நிமிடக் கணக்கில் ஆடாமல் நின்றார். அந்தக் காலத்துத் தகட்டில் உருவம் பதிய அவ்வளவு வெளிச்சம் தேவைப்பட்டது.

திருச்சிக்கும் காமிரா சீக்கிரமே வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் காப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர், சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். அவர் 1858-ல் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கம் கோயிலையும் படம் பிடித்தார். பெரிய பெட்டிக் காமிரா. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ்.

அவருடைய படங்களில் மலை இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, தூண் இருக்கிறது. ஆட்களைத்தான் தேட வேண்டும்! படம் பதிய நேரம் பிடித்ததால், நடமாடுகிறவர்கள் அதில் விழமாட்டார்கள்.

கல்லுக்குக் கண் கூசாது. வெயில் சாய்வாக விழுந்தால், தூணில் உள்ள சிற்பம் எடுப்பாகத் தெரியும். கல்லுக்கு நல்லதாக இருக்கும் அதே வெயில்தான் பாட்டியின் முகத்தைக் கெடுத்தது.

காரணம் என்ன?

சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நம் கண்ணுக்கு அது ஒரு சிறு வட்டம்தான். சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கத்தி வெட்டியது போல நிழல் போடும். மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்கு ஆகிவிடுகிறது. எல்லாப் பக்கமும் வெளிச்சம் வருவதால் நிழல் கரைந்துவிடும். வெயில் இல்லாத மப்பு நாளில் எடுத்த படத்தில் முகம் பளிச்சென்று இருப்பது இதனால்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. பிலிம் வாங்கியவர்களுக்கு நினைவு இருக்கும். டப்பாவோடு ஒரு சீட்டு வரும். நல்ல வெயிலுக்குக் காமிராவின் துவாரத்தை 16-ல் வை, நிழலுக்கு 5.6-ல் வை என்று அதில் போட்டிருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எட்டு மடங்கு வித்தியாசம்! வெயிலில் இருக்கும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் நிழலில் இருக்கிறது. நம் கண் இரண்டையும் ஒருசேரப் பார்த்துச் சமாளிக்கும். காமிரா தடுமாறும். நெற்றியைப் பார்த்தால் கண் இருட்டாகும். கண்ணைப் பார்த்தால் நெற்றி வெளுக்கும்.

இப்போது பல செல்போன்கள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கின்றன. அதனால் மீசையின் கறுப்பு கொஞ்சம் குறையும். மீசை போகாது!

உங்கள் நிழலைப் பாருங்கள்!

படம் எடுக்க நல்ல நேரம் எது? கடிகாரம் வேண்டாம். தரையைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கிறதா? முகத்தில் வெயில் பட்டாலும் பாதகம் இல்லை. உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா? வெயிலில் யாரையும் நிறுத்தாதீர்கள்.

சித்திரை மாதத் தொடக்கத்தில் திருச்சியில் காலை ஒன்பதேகால் மணிக்கே நிழல் குட்டையாகிவிடும். மறுபடி நீள்வதற்குப் பிற்பகல் மூன்றேகால் ஆகும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும், ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் சரியாக உச்சந்தலைக்கு வரும். அப்போது நிழல் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும்! ஆடிப்பெருக்கு வருவது ஆகஸ்டு தொடக்கத்தில். அன்றைய உச்சி வெயிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

மலைக்கோட்டையும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும் என்றால், காலையிலோ மாலையிலோதான் எடுக்க வேண்டும். நடுப்பகலில் இரண்டும் ஒன்றாக வராது. வற்புறுத்தினால் பாறை வரும், மாமியார் வரமாட்டார்!

திண்ணை இருக்க ஸ்டூடியோ எதற்கு?

மின்சார விளக்கு வருவதற்கு முன்பு, ஐரோப்பாவில் போட்டோ ஸ்டூடியோக்களுக்குக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். கண்ணாடி வடக்குப் பார்த்து இருக்கும். அந்த நாடுகளில் சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்கே இருக்கும். எனவே, வடக்குப் பக்கம் நேர் வெயில் வராமல், வானத்து வெளிச்சம் மட்டும் மெத்தென்று வரும். 'முகத்துக்கு வடக்கு வெளிச்சம் நல்லது' என்று புத்தகங்களில் எழுதி வைத்தார்கள்.

அதை நம் ஊரில் அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு நான்காம் வாரம் வரை, திருச்சியில் சூரியன் வடக்கே இருக்கிறது. காலையில் உதிப்பதும் வடகிழக்கு ஓரத்தில். மாலையில் மறைவதும் வடமேற்கு ஓரத்தில். கோடையில் நமக்குத் தெற்கு வெளிச்சம்தான் நல்லது!

தெற்கு உத்திர வீதியிலோ வடக்கு உத்திர வீதியிலோ போய்ப் பாருங்கள். இவை கிழக்கு மேற்காக ஓடும் தெருக்கள். வீடுகள் தெற்குப் பார்த்தும் வடக்குப் பார்த்தும் இருக்கும். தெற்குப் பார்த்த திண்ணையில் கோடை முழுவதும் நேர் வெயில் அநேகமாக விழாது. மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழ். அப்போது வடக்குப் பார்த்த திண்ணைதான் நிழல். கிழக்குப் பார்த்த வீடு என்றால், மதியத்துக்கு மேல் திண்ணையில் உட்காருங்கள்.

திண்ணையில் எங்கே உட்கார வேண்டும் என்பது முக்கியம். உள்ளே சுவரோடு சாய்ந்தால் முகம் இருண்டுவிடும். வெயில் கோடு தரையில் எங்கே முடிகிறதோ, அதற்கு ஓரிரண்டு அடி உள்ளே உட்கார்ந்து, முகத்தைத் தெருப் பக்கம் திருப்ப வேண்டும். மேலே கூரை வெயிலைத் தடுக்கும். எதிரே திறந்த வானமும், வெயில் பட்ட எதிர் வீட்டுச் சுவரும் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். படம் எடுப்பவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். (சைக்கிள், ஆட்டோ வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.)

திண்ணை இல்லாத வீட்டுக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். வாசல் நிலைப்படி போதும். கோபுர வாசலின் நிழல் போதும். அம்மா மண்டபத்தில் மண்டபமே இருக்கிறது! சித்தப்பா அன்று பாட்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தியிருக்கலாம்.

மரத்தடி? பார்த்து நில்லுங்கள். வேப்பமர நிழல் உடம்புக்குக் குளிர்ச்சி. படத்துக்கு அம்மைத் தழும்பு! இலை இடுக்கு வழியாக வெயில் வட்ட வட்டமாக முகத்தில் விழும். அந்த வட்டம் ஒவ்வொன்றும் சூரியனின் உருவம்தான். 2019 டிசம்பர் 26-ந்தேதி சூரிய கிரகணத்தன்று, மரத்தடியில் அவை பிறை பிறையாக விழுந்தன. கிரகணத்துக்கு வேடிக்கை, முகத்துக்கு வேண்டாம்.

வேட்டி செய்யும் வேலை

வங்காளத்தில் சுப்ரதா மித்ரா என்று ஒரு ஒளிப்பதிவாளர் இருந்தார். சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' 1956-ல் வந்த படம். காசியில் உள்ள வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் போட்டிருந்தார்கள். முற்றத்தில் வானத்து வெளிச்சம் விழுவதுபோலக் காட்ட வேண்டும். மித்ரா, மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்கை ஆட்கள்மேல் திருப்பாமல் துணிமேல் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், அசல் முற்றத்து வெளிச்சமாக இறங்கியது!

அந்த வித்தையை நாமும் செய்யலாம். ஒரு வெள்ளை வேட்டி போதும். நிழலில் உட்கார்ந்திருப்பவரின் முன்னால், வெயில் படும் தரையில் வேட்டியை விரியுங்கள். கீழிருந்து எழும் வெளிச்சம் கண் குழியையும் தாடையையும் நிரப்பும். கோடையில் காவிரி மணல் செய்வதும் இதே வேலைதான்.

வேட்டியால் ஒரு தொல்லையும் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர் மூன்றும் சேர்ந்தால் காமிரா ஏமாந்துவிடும். 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!' என்று எண்ணி, படத்தையே இருட்டாக்கும். வெள்ளை கொஞ்சம் தணியும்; மாநிற முகம் கரியாகிவிடும். நம் வீட்டுக் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் சட்டை தெரியும், மாப்பிள்ளை தெரியமாட்டார். இது முகத்தின் நிறத்தில் உள்ள குறை அல்ல. எடுத்தவர் முகத்தைக் கவனிக்கவில்லை. செல்போனில் முகத்தின்மேல் விரலால் தொட்டுவிட்டு எடுத்தால், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கல்யாணப் பந்தலில் இன்னொன்று. சிவப்பு ஷாமியானாவின் கீழே நின்றால் எல்லோரும் சிவப்பு. பச்சை என்றால் பச்சை. ஒதுங்கி வந்து நில்லுங்கள்.

வெயிலைத் தவிர வழியில்லையா?

சில இடங்களில் நிழலே இருக்காது. அப்போது ஒரு கறுப்புக் குடையைப் பிடியுங்கள். குடை படத்தில் தெரியாமல் இருக்கச் சற்று உயர்த்திப் பிடித்தால் போதும். அதுவும் இல்லையென்றால், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். முகம் நிழலாகும். தலைமுடி ஓரத்திலும் மல்லிகைச் சரத்திலும் வெளிச்சம் கோடு போட்டது போல ஒட்டிக்கொள்ளும். காமிராவின் கண்ணாடியில் வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

முதியவர்களை வெயிலைப் பார்த்து விழிக்கச் சொல்லாதீர்கள். "கண்ணை மூடிக்குங்க, மூணு எண்ணுறேன்" என்று சொல்லுங்கள். மூன்று என்றதும் திறப்பார்கள். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும்.

எடுத்தபின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணை மட்டும் பாருங்கள். கருவிழியில் அரிசி அளவு ஒரு வெளிச்சப் பொட்டு இருக்கிறதா? இருந்தால் படம் தேறிவிட்டது. இல்லையென்றால் முகத்தைக் கொஞ்சம் வானத்துப் பக்கம் நிமிர்த்தச் சொல்லி, பாட்டி எழுந்து போவதற்குள் இன்னொன்று எடுத்துவிடுங்கள்.