வீட்டிற்கு ஒரு தையற்பொறி

செம்பூரிலிருந்து நாள்தோறும் வகுப்புக்கு வரும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னை நிறுத்தி ஓர் ஐயம் கேட்டார். “அம்மா தையல் மிஷின் வாங்க வேண்டும் என்கிறாள். கடையில் இருபது வகை காட்டுகிறார்கள். நீ பௌதிகம் படிக்கிறவன், எதை வாங்கலாம், சொல்” என்றார்.

பௌதிகத்துக்கும் இதற்கும் உறவு உண்டுதான். ஆனால் நான் இதைக் கற்றது ஆய்வுக்கூடத்தில் அன்று. தாராவியில், எங்கள் பத்துக்குப் பத்து அறையில், என் தாயாரின் மிஷினருகே அமர்ந்து பாடம் படித்த நாட்களில். அவர் தைத்த ரவிக்கைகளே என் கல்லூரிக் கட்டணம். ஆகவே நண்பரிடம் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

கையால் தைக்கும்போது ஊசி முழுவதும் துணியை ஊடுருவி மறுபுறம் போகிறது, நூல் ஒன்றுதான். பொறியிலோ ஊசி பாதி வழி இறங்கித் திரும்பிவிடுகிறது, நூல் இரண்டு. ஊசியின் காது தலைப்பில் இல்லை, முனையருகே இருக்கிறது. ஊசி இறங்கி மீண்டும் ஏறத் தொடங்கும் கணத்தில், நூல் துணியோடு உராய்ந்து பின்தங்கி, சிறு வளையமாக உப்புகிறது. கீழேயுள்ள ஷட்டிலின் கொக்கி அவ்வளையத்தைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்கின்றன. உடனே மேலேயுள்ள சிறு கோல் நூலைச் சுண்டி இழுக்க, பின்னல் துணியின் நடுவில் புதைகிறது. அவ்வளவே! அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே 1846-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் தம் பொறிக்குப் பெற்றார். இருவரும் வழக்காடினர், முடிவில் சிங்கர் பணம் கட்டினார். அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பூவும் கொடியும் போடும் விலையுயர்ந்த மிஷினும் செய்வது இதையேதான். ஊசியைப் பக்கவாட்டிலும் ஆட்டுகிறது, அதுவே வேறுபாடு.

எனவே கடைக்குப் போகுமுன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: என்ன தைக்கப் போகிறோம்? ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, திரைச்சீலை, சேலைக்கு ஃபால்ஸ், கிழிந்த கால்சட்டை இவைதாம் என்றால் நேர்த்தையல் ஒன்றே போதும். பனியன் துணி இழுபடும். அதில் நேர்த்தையல் அறுந்துபோகும். அதற்கு ஜிக்ஜாக்கோ ஓவர்லாக்கோ வேண்டும். பீக்கோவும் அப்படியே. காஜா மட்டும் கையாலேயே எடுத்துவிடலாம்.

நேர்த்தையல் போதும் என்று முடிவானால், இரும்பால் ஆன பழைய பாணிக் கறுப்பு மிஷினுக்கு நிகர் இல்லை என்பது என் கருத்து. காரணம் அதன் உறுதி மட்டுமன்று, உதிரிப் பாகம். சிங்கரின் 15-ஆம் வகை அமைப்பை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பொது அளவாகக் கொண்டன. நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் உஷா மிஷின் பிறந்தது. பின்னர் லூதியானாவில் சிறு பட்டறைகள் பல எழுந்தன. வீட்டுக் கறுப்பு மிஷின்களில் மிகப் பல அந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பாபினும் ஊசியும் ஷட்டிலும் எந்தத் தெருவிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் திறந்து பார்ப்பார்.

இதன் அருமை எனக்கு அடுத்த வீட்டு அத்தையால் விளங்கியது. அவர் சீட்டுப் பணத்தில் பலவகைத் தையல் போடும் பிளாஸ்டிக் உடல் மிஷின் ஒன்று வாங்கினார். எட்டாம் மாதம் உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்தது. அந்தப் பாகம் வருவதற்குள் தீபாவளி வந்து போய்விட்டது. ஓர் ஆண்டின் வருமானத்தில் பாதி அந்த ஒரு மாதத்தில் வருவது, தைப்பவர்களுக்குத் தெரியும்.

இயந்திரங்களைச் சாடிய காந்தியடிகள்கூட இதற்கு மட்டும் விலக்குத் தந்தார். 1924-இல் ராமச்சந்திரன் என்ற மாணவர் அவரைக் கண்டு வினவியபோது, சிங்கர் மிஷினை விலக்காகக் குறிப்பிட்டார். அந்த மாணவரே பின்னாளில், 1947-இல், திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

இனி, கடையில் சோதிப்பது எப்படி? வீட்டிலிருந்து இரண்டு துண்டுத் துணி கொண்டு செல்லுங்கள்: மெல்லிய ரவிக்கைத் துணி ஒன்று, பழைய ஜீன்ஸ் ஒன்று. மேலே வெள்ளை நூல், பாபினில் சிவப்பு நூல் போடச் சொல்லுங்கள். துணியின் மேற்புறத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் மிகுதி. அடியில் வெள்ளை தெரிந்தால் குறைவு. திருகினால் சரியாக வேண்டும்; சரியாகாத மிஷினை விட்டுவிடலாம். அடுத்து ஜீன்ஸை நான்கு மடிப்பாக்கி ஓட்டுங்கள். தையல் தாவக்கூடாது. (தாவினால் ஊசியையும் பாருங்கள்; தட்டைப் பக்கம் தவறாக மாட்டியிருந்தால் கொக்கி வளையத்தைப் பிடிக்காது. பாவம், மிஷின் மேல் பழி!) பின்னர் நூலைக் கழற்றிவிட்டு, ஒரு தாளில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். திரும்பி வரும்போது ஊசி ஏறக்குறையப் பழைய துளைகளிலேயே இறங்கினால், துணியை நகர்த்தும் பற்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். பழைய மிஷின் வாங்குவோர் ஊசிக் கம்பியை விரலால் அசைத்தும் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் தேய்ந்த தலை.

காலால் மிதிப்பதா, மோட்டாரா? இடம் இல்லாத அறைக்குக் கைமிஷின் ஏற்றது. ஆனால் ஒரு கை சக்கரத்துக்கே போய்விடும். மிதி மிஷினில் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் கால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுழலாத இரண்டு இடங்கள் உண்டு. அவற்றைக் கடத்துவது கனத்த சக்கரத்தின் சடத்துவம். ஆதலால் கனமான ஸ்டாண்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். பின்னர் விரும்பினால் சிறு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். மின்சாரம் நின்றால் மீண்டும் கால் இருக்கிறது.

மும்பைக்கு இன்னொன்றும் உண்டு, மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. எங்கள் அறையில் மிஷின் தலை முழுவதும் முழுகியது. நான் அப்போது குழந்தை. வெள்ளம் வடிந்ததும் என் தாயார் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டார். அந்த வாரமே அது ஓடிற்று என்பார். எண்ணெய் என்றால் மிஷினுக்கென்று விற்கும் தெளிந்த எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்கேறி இறுகிவிடும்.

ஞாயிறன்று நண்பரும் அவர் அம்மாவும் தாராவிக்கு வந்தார்கள். 90 அடிச் சாலைப் பக்கம் மூன்று மிஷின்களை ஓட்டிப் பார்த்தோம். இரண்டு ஜீன்ஸ் மடிப்பில் தாவின. மூன்றாவதில் அந்த அம்மா தாமே அமர்ந்து மிதித்தார்; முதலில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் அறுந்தது, சிரித்துவிட்டு மீண்டும் கோத்தார். அதைத்தான் வாங்கினார்கள்.