பச்சை கூடினால் படலம் மெத்து

காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலனுக்குள் ஒரு கிராஃபைட் வில்லை சுழல்கிறது. அதன்மேல் விழும் லேசர் துடிப்பின் ஆயுள் 20 நானோநொடி அளவுதான். பட்ட இடத்தில் கார்பன் ஆவியாகிறது. அந்த ஆவியே லேசரின் மிச்சத்தையும் விழுங்கி, அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகச் சிதறி, ஒளிரும் பிளாஸ்மாச் சுடராக எதிரே பாய்கிறது. சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சிலிக்கான் தகட்டில் படிந்து படலமாகிறது.

கிராஃபைட்டில் ஓர் அணு மூன்று அணுக்களோடு பிணைந்திருக்கும், வைரத்தில் நான்கோடு. இந்தப் படலத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். நான்கின் பங்கு ஏற ஏறக் கடினமும் ஏறும். ஹார்ட் டிஸ்க்கின் மேற்பூச்சிலும் சவர பிளேடின் விளிம்பிலும் இருப்பது இவ்வகைக் கார்பன்தான், தயாரிப்பு முறை வேறு.

பங்கைத் தீர்மானிப்பது, வந்து மோதும் துகளின் ஆற்றல். சுமார் 100 எலெக்ட்ரான் வோல்ட் உள்ள கார்பன் அயனி மேலே உட்காராது. பரப்புக்கு அடியில் புகுந்து நெருக்கும். அந்த நெருக்கத்தில்தான் நான்காவது பிணைப்பு உண்டாகிறது. ஆற்றல் மிகவும் மிஞ்சினால் அணுக்கள் தளர்ந்து மறுபடி கிராஃபைட் பக்கம் சாயும். 100 எலெக்ட்ரான் வோல்ட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 5 சென்டிமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மைக்ரோநொடி போதும்.

இவ்வளவு விரைவில் முடிந்துபோகும் ஒன்றை வேவு பார்க்கச் சுடரின் ஒளியே வழி. நிறமாலைமானியில் பிரித்தால் 426.7 நானோமீட்டரில் ஓர் ஊதாக் கோடு தெரியும். அது கார்பன் அயனியின் முத்திரை. 516.5-இல் தெரியும் பச்சைப் பட்டை, இரண்டு அணுக்கள் சேர்ந்த கார்பன் மூலக்கூறுடையது. ஸ்காட்லாந்தின் வில்லியம் ஸ்வான் 1850-களில் சுடர்களில் ஆராய்ந்த பட்டை இது. சில வால்மீன்களின் தலை பச்சையாகத் தெரிவதும் இதனால்தான்.

லேசரின் செறிவைக் குறைத்தாலோ கலனுக்குள் ஆர்கான் விட்டாலோ அயனிகள் குறையும், வேகமும் குறையும், பச்சை ஓங்கும். அப்போது கிடைப்பது பெரும்பாலும் மெத்தென்ற, கிராஃபைட்டை ஒத்த படலம். செறிவைக் கூட்டினால் ஊதாக் கோடு எழும். நானோநொடிக்குள் திறந்து மூடும் கேமரா, எந்தத் துகள் எப்போது எங்கே இருந்தது என்பதையும் படமெடுத்துத் தருகிறது.

ஆனால் ஒளியை முழுசாய் நம்பக் கூடாது என்பேன். கிளர்ந்த துகள் மட்டுமே ஒளிரும்; கிளராத அணுக்கள் எத்தனை போனாலும் கோடு காட்டாது. அதனால் கவனமான ஆய்வகங்கள் தகட்டருகே ஒரு மின்முனையையும் நட்டு, வந்து சேரும் அயனி மின்னோட்டத்தைத் தனியே அளந்துகொள்கின்றன.