பெரிய ஆலையும் சின்னப் பட்டறையும்

கோலார் தங்கவயல் என்றதும் நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு சயனைடு மண்மேடுகளும் மூடிக் கிடக்கும் சுரங்கங்களும்தான் நினைவுக்கு வரும். மிஞ்சியிருந்த சுரங்கங்களையும் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடிவிட்டது. அதன் பிறகு அவ்வூர்ப் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. இதெல்லாம் நாம் அறிந்த கதை.

அதே ரயில் பாதையில் 'பெமல் நகர்' என்றொரு நிலையமும் உண்டு. 1964-இல் தொடங்கப்பட்டு, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கிவரும் பெமல் நிறுவனத்தின் பெரிய ஆலை அங்கேதான் இருக்கிறது. புல்டோசர், எக்ஸ்கவேட்டர் முதலிய மண்வாரும் இயந்திரங்கள் அங்கே உருவாகின்றன. இராணுவத்துக்கான கனரக வாகனங்களையும் அந்நிறுவனம் செய்து தந்திருக்கிறது. தங்கம் போனாலும் இரும்பு வேலை ஊரைவிட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆலையைச் சுற்றி நூறு சின்னப் பட்டறைகள் செழிக்க வேண்டுமானால் அதற்கு என்ன வழி? இதுதான் என் கேள்வி.

நான் நந்திதுர்க் லயன் வீட்டில் பிறந்தவன். என் தகப்பனார் சுரங்க ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். பம்பு பழுதானாலும் சரி, கூண்டை இறக்கி ஏற்றும் எந்திரம் மக்கர் செய்தாலும் சரி, இருப்பதைக் கொண்டு சரிசெய்து ஓட வைத்தவர்கள் அந்தத் தலைமுறையினர். கைவேலை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. இன்று பீன்யாவில் நாலு லேத்து போட்டுப் பிழைக்கிறேன் என்றால் அந்தக் கைவழிதான் காரணம்.

சிறு தொழிலுக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லாமல் இல்லை. 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று ஏற்பட்டது. 2018-இல் அது 25 சதவீதம் ஆனது. அதற்குள் 4 சதவீதம் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் நடத்தும் தொழில்களுக்கு. 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் எந்த மக்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த 4 சதவீதம் எங்கள் ஊரை நினைத்தே எழுதினாற்போல் இருக்கிறது!

ஆனால் ஒதுக்கீடு கதவைத் திறக்குமே தவிர, உள்ளே கைபிடித்து அழைத்துப் போகாது. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனத்துக்கு 200 புஷ் கடைந்து கொடுத்தேன். அத்தனையும் 'அளவு சரியில்லை' என்ற ஒரு வரிச் சீட்டோடு திரும்பி வந்தது. எங்கள் மைக்ரோமீட்டரில் அளவு சரியாகவே இருந்தது. மூன்று முறை நடையாய் நடந்த பிறகு, ஓய்வு பெறும் வயதிலிருந்த ஓர் ஆய்வாளர் இரக்கப்பட்டு உட்கார வைத்துப் பேசினார். வரைபடத்தில் இருந்தது முலாம் பூசிய பிறகு இருக்க வேண்டிய அளவாம். முலாமின் கனத்துக்கு இடம் விட்டுக் கடைய வேண்டும். வரைபடத்திலோ அது எழுதப்படவில்லை. அவர்கள் ஆலைக்குள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கமாம். வெளியில் இருப்பவனுக்கு யார் சொல்வது? அவர் சொல்லிக் கொடுத்த அந்த அரை நாள் பாடம் எனக்குப் பத்து ஆர்டர்களுக்குச் சமம்.

அந்த அரை நாளை ஒருவரின் இரக்கத்துக்கு விடாமல், அரசாங்கமே பணம் கொடுத்து ஏற்பாடு செய்த நாடு அமெரிக்கா. அங்கும் முதலில் வந்தது ஒதுக்கீடுதான். 1980-களின் பிற்பகுதியில், பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களில் 5 சதவீதம் பின்தங்கிய பிரிவினரின் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு எட்டப்படவில்லை. தகுதியான சிறு நிறுவனங்கள் கிடைக்கவில்லை என்பது பெரிய கம்பெனிகளின் வாதம். 'கிடைக்காவிட்டால் நீங்களே உருவாக்குங்கள்' என்று சொல்வதுபோல், 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வழிகாட்டித் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கியது. செனட்டர் சாம் நன் அதற்கு முன்நின்றவர்.

அதன்படி ஒரு பெரிய பாதுகாப்பு நிறுவனம் குரு. ஒரு சிறு நிறுவனம் சீடர். இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். தரக் கட்டுப்பாடு, உற்பத்தி முறை, கணக்கு வழக்கு என்று எதைக் கற்றுத்தருவது என்பது முன்கூட்டியே எழுதப்படுகிறது. குருவுக்கு ஆகும் செலவை அரசு திருப்பித் தரலாம். அல்லது சிறு தொழில்களுக்கு ஆர்டர் தர வேண்டிய அவருடைய இலக்கில் அதை வரவு வைக்கலாம். என்ன முன்னேற்றம் என்று அறிக்கையும் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதனைத் திட்டமாகவே நீட்டிக்கப்பட்டு வந்த இது, 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் நிரந்தரமானது.

நம் 2012 ஆணையும் சிறு தொழில்களை வளர்க்கக் கூட்டங்கள் நடத்தச் சொல்கிறது. கூட்டத்தில் மாலை மரியாதை உண்டு, சாப்பாடு உண்டு. எதை வாங்குவார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். முலாமுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இராது. கற்றுக்கொடுப்பது ஒருவருடைய கடமையாகவும், அதற்கு ஒரு கணக்குத் தலைப்பும் இருந்தால்தான் அது நடக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. திருச்சி பெல் ஆலையை நம்பித் துவாக்குடி சுற்று வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எழுந்தன. ஆலைக்கு ஆர்டர் குறைந்த காலத்தில் அவை பட்ட பாட்டைத் தமிழ்நாடே பார்த்தது. ஒரே வாசலில் நிற்பவனுக்கு அந்த வாசல் சாத்தினால் வேறு போக்கிடம் இல்லை. சீடன் நாலு பேருக்குச் சரக்குப் போடக் கற்பதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று பணம். 45 நாளுக்குள் சிறு தொழிலுக்குப் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வட்டி கேட்டு மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயத்தில் வாய் மூடிக் கிடப்பவர்கள் எத்தனை பேர்! எழுத்தில் குரு-சீடர் உறவு இருந்தால் இந்தப் பயமும் கொஞ்சம் குறையும்.

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. எச்.ஏ.எல்., பெல், பெமல் போன்ற நிறுவனங்களில் தரப் பரிசோதனையிலும் கொள்முதலிலும் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் இருவர் தங்கவயலுக்கு வந்தால் போதும். வரைபடம் படிப்பது, டெண்டர் நிரப்புவது, பரிசோதனை அறிக்கை எழுதுவது ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். உத்யம் பதிவு இல்லாத பட்டறைகளுக்கு அதைச் செய்து கொடுக்கலாம். உட்கார இடமும், அளவுக் கருவிகளும், ஒரு சாப்பாடும் என் பொறுப்பு. வர இசைந்தவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.