வண்ணப் பலகாரமும் வெந்த விரல்களும்

நெருப்பில்லாத பலகாரம் என்ற பிரமை

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் கை வெந்த குழந்தைகள் வைத்தியரிடம் வருவது புதிதன்று. ஆனால் வெந்நீர், பால், இஸ்திரிப் பெட்டி என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களோடு, கைப்பேசியில் பார்த்து மார்ஷ்மெல்லோவை உருக்கி, பொரியைக் கொட்டிக் கிளறி, வண்ண வண்ணக் கட்டிகளாக வெட்டும் பலகாரம் ஒன்றும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1939-ஆம் வருஷம் கெலாக் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் மலிட்டா ஜென்சன், மில்ட்ரெட் டே என்ற இரு பெண்மணிகள் உருவாக்கிய பண்டம் இது; பேக்கரி அடுப்பில் வைத்துச் சுட வேண்டாத பலகாரம் என்பதனாலேயே, குழந்தைகள் தாமே செய்துகொள்ளட்டும் என்று பெரியவர்கள் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கார்த்திகைப் பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சும் பாட்டி, சின்னப் பிள்ளைகளை அடுப்படி வாசற்படியைத் தாண்ட விடுவாளா? மார்ஷ்மெல்லோவும் ஜெலட்டின் சேர்த்துக் காற்றேற அடித்த சர்க்கரைப் பாகுதான். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்து அதற்குமேல் சூடேறாமல் நிற்க, பாகு சுண்டச் சுண்ட 120, 150 என்று ஏறக்கூடியது. தண்ணீர் பட்டால் வழிந்தோடிவிடும், பாகோ தோலைப் பற்றிக்கொண்டு, ஆறும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். மைக்ரோவேவில் வைத்த கிண்ணமும் மேலுக்குச் சாதுவாகத் தோன்றி உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

முதல் இருபது நிமிடம்

சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் காட்டி, இருபது நிமிடம் முழுமையாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிய பாகைப் பிய்த்தெடுக்கப் போனால் தோலும் கூடவே வந்துவிடும், தண்ணீரே அதைக் கரைத்துக் கழுவிவிடும். வளையல், மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். உடனே செய்ய இயலாமற் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டுவதில் பலனுண்டு. கைக்குழந்தையாயின் உடம்பின் மற்றப் பாகத்தைத் துணியால் போர்த்திவிடுங்கள். ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம்; அது இரத்த ஓட்டத்தைக் குறைத்து வெந்த சதையை மேலும் வாட்டும்.

பற்பசை, மை, தோசை மாவு

இனி நான் சொல்லப்போவதைக் கோபமின்றிச் சொல்ல என்னால் ஆகாது. குழாய் பத்தடியில் இருக்க, பற்பசையைத் தேடி ஓடுகிறார்கள். அது குளிர்ச்சியாகத் தோன்றுகிறதே தவிர, சூட்டை உள்ளே அடைத்துவிட்டு, பின்பு புண்ணோடு இறுகிப்போய், சுரண்டி எடுக்கும்போது குழந்தையை இரண்டாம் முறை அலற வைக்கிறது. பேனா மை தடவி அழைத்து வருபவர்களோ, தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டிய இடத்தையே மூடி மறைத்துவிடுகிறார்கள். முட்டையின் வெள்ளைக்கருவும், தோசை மாவும், மாட்டுச் சாணமும் கிருமிக்கு விருந்து வைக்கின்றன. தேங்காய் எண்ணெய் நல்ல வஸ்துதான், எனினும் சூடு தணியாத புண்ணின்மேல் ஊற்றினால் அந்தச் சூட்டையே காவல் காக்கும். நம் பெரியவர்களின் முறையெல்லாம் மூடத்தனம் என்று நான் சொல்லவில்லை; சுத்தப்படுத்திய வாழையிலையைத் தீப்புண்ணுக்கு உறையாக வைத்துக் கட்டும் வழக்கம் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே உண்டு. அது சிகிச்சை தெரிந்தவர்களின் பிரயோகம். அடுக்களை அலமாரியில் கைக்கு அகப்பட்டதைப் பூசுவது வேறு.

கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வடிப்பதும் அப்படியே. அதன் மேல்தோலைவிட மேலான கட்டு அந்த வேளையில் எந்த வைத்தியரிடமும் இல்லை. “வலியே இல்லை, லேசான காயந்தான்” என்று ஆறுதலடைவது எல்லாவற்றிலும் அபாயமானது. நரம்பு முனைகளே கருகிவிட்ட ஆழ்ந்த புண்ணில்தான் வலி இராது.

மருந்துக் கடையில் ஒரு யோசனை

நான்காம் நாள், ஐந்தாம் நாள், சீழ் கட்டிய பிறகு வருகிறார்கள். இடைப்பட்ட நாட்களில் என்ன செய்தீர்கள் என்றால், மருந்துக் கடையில் விவரம் சொல்லி நாலு மாத்திரையும் ஒரு களிம்பும் வாங்கினோம் என்கிறார்கள். கடைக்காரர் புண்ணைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. குழந்தையின் எடையைக் கேட்டாரா? அதுவும் இல்லை. விரல் மடிப்பில் வெந்த புண், சிரத்தையின்றி ஆறினால், தோல் சுருங்கி விரலையே மடக்கிவிடும். பிறகு கத்தி வைக்காமல் நிமிர்த்துவது பெரும்பாடு.

பரிசோதனை

சிறு புண்ணுக்குப் பெரும்பாலும் பரிசோதனை எதுவும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பார்க்கத் தடுப்பூசிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தால் போதும்.

தாய்மாருக்கும் தந்தைமாருக்கும்

முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் வெந்தாலும், குழந்தையின் உள்ளங்கையளவுக்கு மேற்பட்டாலும், வெளுத்தோ கருகியோ தோன்றினாலும், தயவுசெய்து அன்றைக்கே வாருங்கள். இனி அந்தப் பலகாரம் செய்யும்போது, உருக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள். கிளறிய கலவையைத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அழுத்துவதையும் வெட்டுவதையும் பிள்ளைகளுக்கு விடுங்கள், ஆசை கெடாது. வண்ணத்துக்கு உணவு நிறமி என்று அச்சிட்ட புட்டியையே வாங்குங்கள், அதிலும் சில துளி போதும். துணிச் சாயமான ரோடமின்-பி கலந்ததற்காகப் பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததை மறந்துவிடாதீர்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு மார்ஷ்மெல்லோவைக் கையில் கொடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எச்சிலில் ஊறிப் பிசினாகித் தொண்டையை அடைத்தால் இருமலுக்கும் இடமிராது. அப்படி அடைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாமல், குழந்தையை முன்பக்கம் தலை தாழக் கவிழ்த்து இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். அதற்குள் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும்.